படாக் பெட்டிகள் இரண்டு

நல்ல சத்தம் வேண்டுமென்றால் முதலில் அறையிலிருந்து தகரச் சாமான்களை எடுத்துவிட வேண்டும், ஐயா. அலமாரிமேல் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தால் போதும், மிருதங்கத்தில் கனமாக ஓர் அடி விழும்போது அதுவும் சேர்ந்து அதிரும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். பலர் இப்படித்தான் நல்ல ஸ்பீக்கரைக் கழற்றி வீசுகிறார்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்பது அந்த அறைதான்.

என் பெயர் பக்தவத்சலம். ஊர் கும்பகோணம் பக்கம். ஐம்பத்தெட்டில் கப்பலேறி இங்கே, அந்தமானில் போர்ட் பிளேருக்கு வந்தேன். வேலை ஒயர்லெஸ் மெக்கானிக். தீவுகளுக்கிடையே ஓடும் லாஞ்சுகளில் பேசுவதற்கு வைத்திருக்கும் ரேடியோ செட்டுகளும், அவற்றின் பேச்சைக் கேட்பதற்குக் கரையில் இருக்கும் பெரிய ரிசீவரும் என் பொறுப்பு. பணிமனை ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு அருகில். ஷாதிபூரில் இரண்டு அறை வீடு. நானும் என் மனைவி மங்கையர்க்கரசியும் மட்டும்தான். குழந்தைகள் இல்லை. அதற்காக நான் வருந்தியதில்லை. குழந்தைகள் மூக்கை உறிஞ்சும்.

என் காது பிறவியிலேயே அப்படிப்பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் ரசம் குடித்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. மங்கையர்க்கரசி காபியை உறிஞ்சிக் குடிப்பாள். கல்யாணமான மூன்றாவது மாதமே அவளைப் பின்கட்டில் போய்க் குடிக்கச் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பதினான்கு வருஷமாக அங்கேதான் குடிக்கிறாள். மனிதர்கள் இவ்வளவு ஈரமான சத்தங்களோடு நாள் முழுவதும் எப்படி ஒருவரையொருவர் சகித்துக்கொள்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. அந்த அருவருப்பிலிருந்து தப்பிக்க எனக்கு இருந்த ஒரே இடம் இசைத்தட்டு. தட்டில் வீணை இருக்கும், வீணை வாசிப்பவரின் எச்சில் இருக்காது.

ஸ்டீரியோவை ஒரேயடியாக வாங்க நமக்கு வசதி கிடையாது. வசதி இருந்தாலும் அப்படி வாங்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியபின் ஒரு மாதமாவது அதே தட்டுகளைக் கேட்க வேண்டும். அப்போதுதான் எதனால் எது நன்றாயிற்று என்று தெரியும். அறுபத்தெட்டில் ஒரு முழுத்தாளில் வரிசையாக எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். பிளேயர். ஸ்பீக்கர் பெட்டிகள். ஒரு ஆம்பிளிபையர், பிறகு அதற்கு ஜோடி. ரேடியோ. கடைசியில் டேப் ரிக்கார்டர். அந்தத் தாளைத்தான் நீங்கள் கைப்பற்றியிருக்கிறீர்கள். நான்கு வருஷத் திட்டம். வரிசை ஒருநாளும் மாறவில்லை.

பிளேயர் நேர்மையாக வந்தது. மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஒரு கப்பல் அதிகாரி விற்றார். பெட்டிகளை நானே செய்தேன். மரமில்லில் கழித்துப் போட்ட படாக் பலகைகளை வாங்கி, இரட்டைச் சுவராக அடித்து, நடுவே கார்பின்ஸ் கோவ் கடற்கரை மணலைச் சலித்து வெயிலில் காயவைத்துக் கொட்டினேன். மணல் அடைத்தால் பெட்டி தனக்கென்று ஒரு சத்தம் போடாது. மூன்று மாதம் பிடித்தது. சிவந்த மரம், எண்ணெய் தேய்த்தால் ரத்தினம் மாதிரி இருக்கும். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஆம்பிளிபையரில்தான் விஷயம் தொடங்குகிறது.

எண்ணூற்றேழு என்று ஒரு வால்வு உண்டு. நம் உள்ளங்கை அளவு கண்ணாடிக் குப்பி, தலையில் ஒரு தொப்பி. லாஞ்சின் செட்டில் பேச்சைக் கடலுக்கு அப்பால் தள்ளுவது அதுதான். நல்ல பாட்டு ஆம்பிளிபையரைக் கட்டுவதற்கும் அதுவே வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு, ஸ்டீரியோவுக்கு நான்கு. முதலில் கழித்துப் போட்ட வால்வுகளைக் கொண்டு கட்டினேன். அவை கரகரத்தன. லாஞ்சுக்கான புதியவை கப்பலில் வந்து இறங்கியபோது அவற்றை வீட்டு ஆம்பிளிபையரில் போட்டேன். வீட்டிலிருந்த பழையவற்றை லாஞ்சில் போட்டேன்.

லாஞ்சின் பெயர் சம்பா. அதன் செட்டு ஊமையாகிவிடவில்லை. பேசும், தூரம்தான் குறையும். அந்தச் செட்டை அவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ரங்கத் ஜெட்டியில் வெங்காயம் வந்திருக்கிறதா, இன்னாருக்கு மணியார்டர் வந்ததா, வெற்றிலை வாங்கி வைக்கட்டுமா. நான்கு வருஷத்தில் ஒரு ஆபத்து அழைப்புகூட வந்ததில்லை. அவ்வளவு அருமையான வால்வு வெங்காயத்தைப் பற்றிக் கத்துவதற்கு எரிந்துகொண்டிருப்பது எனக்கு அசிங்கமாகப் பட்டது.

சம்பாவை ஓட்டியவர் ஜமீல். லாஞ்சின் தலைவரை இங்கே ஸ்ராங்கு என்பார்கள். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் ஓயாமல் வெற்றிலை. பேசும்போது சாறு உதட்டோரத்தில் தேங்கி நிற்கும். அதை உள்ளே இழுத்துக்கொண்டு பேசுவார். எனக்கு மீன் கொண்டுவந்து கொடுப்பார். அவர் போனபின் அந்தப் பொட்டலத்தை மங்கையர்க்கரசியைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஒருநாள் பணிமனை வாசலில் வந்து நின்றார்.

"மெக்கானிக் சார், நம்ம செட்டு வரவர சீக்காளி மாதிரி பேசுது. லாங் ஐலண்டுலேர்ந்து கூப்பிட்டா போர்ட்ல, ஆவாஜ் நஹி ஆ ரஹா, சத்தமே வரலங்குறான். முன்னெல்லாம் பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்கும்."

"ஏரியல்ல உப்பு படிஞ்சிருக்கும் பாய். துணியால தொடைங்க."

"அம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதான்."

அதிலிருந்து வாரம் ஒருமுறை மண்ணெண்ணெய்த் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே கம்பத்தில் ஏறித் துடைப்பார். ஜெட்டியிலிருந்து பார்த்திருக்கிறேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வயதில். கீழே இறங்கி, "இப்பப் பரவால்ல சார்" என்பார். பரவாயில்லை என்று சொல்ல வழியே இல்லை. பெரும்பாலானவர்களின் காது அப்படித்தான், சொன்னதைக் கேட்டுக்கொள்ளும்.

அடுத்த படி ரேடியோ. மெட்ராஸ் நிலையத்துக் கச்சேரிகளைக் கரகரப்பில்லாமல் பிடிக்க வேண்டும். அதற்கு மெல்லிய அலையையும் பிடிக்கிற முன்பகுதி வேண்டும். அப்படிப்பட்டது தீவில் ஒன்றுதான் இருந்தது, கரையின் கேட்பு அறையிலிருந்த ரிசீவரில். மேல்மூடி திருகுகள் நான்கு, உள்ளே இரண்டு சின்ன வால்வு, ஒரு சுருள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முடிந்துவிட்டது. பதிலுக்குச் சாதாரணமானவற்றைப் பொருத்தினேன்.

அந்த அறையில் பகல் வேலை பார்த்தவர் இராமகிருஷ்ணன். திருநெல்வேலிக்காரர், சாது. ஒரு வாரம் கழித்து, "சார், இப்பல்லாம் இரைச்சல் ஜாஸ்தியா இருக்கு. தூரத்து லாஞ்சுக சுத்தமா விழல" என்றார்.

"மழைக்காலம் வருதில்ல. அப்படித்தான் இருக்கும்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அந்த ஹெட்போனின் ரப்பரில் அவருடைய தலை எண்ணெய் கறுப்பாகப் படிந்திருக்கும். நான் கைக்குட்டையால்தான் அதைத் தொடுவேன்.

என் வீட்டு ரேடியோ அதன்பின் எப்படிக் கேட்டது என்பதைச் சொன்னால் உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. கச்சேரி தொடங்குமுன் பாடகர் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவது கேட்டது.

எழுபத்திரண்டு ஜூனில் டேப் ரிக்கார்டர் வந்தது. வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து. திட்டத்தில் கடைசி வரி அது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அதை ரேடியோவோடு இணைத்தேன். காலையிலிருந்து காற்றும் மழையும். அப்போது கொஞ்சம் விட்டிருந்தது. ஸ்பூல் சுற்றிக்கொண்டிருந்தது. பதிவின் அளவைச் சரிபார்க்க, ஏதாவது ஒரு குரல் கிடைக்குமா என்று முள்ளை நிலையங்களுக்கு நடுவே மெதுவாக நகர்த்தினேன். லாஞ்சுகள் பேசும் இடத்துக்கு வந்ததும் குரல் கிடைத்தது.

"போர்ட் பிளேர், போர்ட் பிளேர், சம்பா போல் ரஹா ஹூம். எஞ்சின் பந்த் ஹோ கயா. பானி அந்தர் ஆ ரஹா ஹை."

ஜமீல் பாய்தான். எஞ்சின் நின்றுவிட்டது, தண்ணீர் உள்ளே வருகிறது. நீல் தீவுக்கும் போர்ட்டுக்கும் நடுவே என்று சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. யாரும் பதில் சொல்லாதபோது மனிதன் தன் சொந்த பாஷைக்குத் திரும்பிவிடுகிறான்.

"யாராச்சும் கேக்குறீங்களா? இருபத்தி மூணு பேர் இருக்கோம். பொம்பளைங்க இருக்காங்க, சின்னப் புள்ளைங்க இருக்கு. இராமகிருஷ்ணா, கேக்குதாப்பா? ஏரியல நேத்துதான் தொடச்சேன். கேக்குதா?"

இரண்டு பெட்டிகளிலும் ஒரே குரல் வந்தால் அது நடுவிலிருந்து வருவதுபோல் இருக்கும். என் நாற்காலிக்கு எதிரே, சுவரோரமாக, அவர் ஆள் உயரத்துக்கு நிற்பதுபோல் இருந்தது. அந்த வால்வுகளும் அந்தச் சுருளும் எதையும் விடவில்லை. கன்னத்தில் ஒதுக்கிய வெற்றிலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது கேட்டது. சாற்றை உள்ளே இழுப்பது கேட்டது. பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டார் போலிருக்கிறது, வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி விடுபடும் சத்தம் ஒவ்வொரு சொல்லுக்கும் வந்தது. தொண்டையில் சளி. பின்னால் யாரோ வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குமட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதிவு அளவு சிவப்புக்குப் போகாமல் கொஞ்சம் குறைத்து வைத்தேன்.

மங்கையர்க்கரசி அடுப்படியிலிருந்து வந்து கதவருகே நின்றாள்.

"ஏங்க, இது ஜமீல் பாய் குரல் மாதிரியே இருக்கே."

"நாடகம். மெட்ராஸ் ஸ்டேஷன்."

"ஹிந்தியிலயும் பேசுறாரே."

"நாடகம்னா அப்படித்தான். நீ போய் அடுப்பப் பாரு."

அப்போது ஒரு குழந்தை அழுதது, யாரோ ஒரு பெண் அதைச் சமாதானப்படுத்தினாள். மங்கையர்க்கரசி கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஷாதிபூரிலிருந்து ஜெட்டிக்கு நடந்தால் கால் மணி நேரம். அன்றைக்கு இழுவைக் கப்பல் ஒன்று ஜெட்டியில்தான் நின்றது, எனக்கும் தெரியும். பிழைத்தவர்கள் சொன்னபடி சம்பா இருட்டும்வரை மிதந்திருக்கிறது. இதெல்லாம் விசாரணையில் வந்துவிட்டது, நான் மறைக்கவில்லை. ஆனால் நான் போய்ச் சொன்னால் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? கேட்பு அறையில் விழாதது உன் வீட்டில் எப்படி விழுந்தது என்பார்கள். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். நான்கு வருஷம், ஐயா. தவிர, இராமகிருஷ்ணனுக்கும் கேட்டிருக்கும் என்று நம்பினேன்.

இல்லை, அந்த வரியை அடித்துவிடுங்கள். அவருக்குக் கேட்டிருக்காது என்று எனக்குத் தெரியும்.

ஐம்பத்தொரு நிமிஷம் பேசினார். கடைசிப் பத்து நிமிஷம் பேர்களைச் சொன்னார், லாஞ்சில் இருப்பவர்களின் பேர்கள், ஒவ்வொன்றாக, தகப்பன் பேரோடு. கரையில் யாராவது எழுதிக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பார். பேட்டரிக்குள் தண்ணீர் போனதும் நின்றது. நான் ஸ்பூலை நிறுத்தி, உறையில் போட்டு, தேதி எழுதினேன்.

மறுநாள் காலையில் மீன்பிடிப் படகு ஒன்று ஒன்பது பேரைக் கொண்டுவந்தது. பதினான்கு பேர் திரும்பவில்லை. ஜமீல் பாய் நான்காம் நாள் சதுப்புக் காட்டு வேர்களுக்கிடையே கிடைத்தார். அடக்கத்துக்கு நானும் போனேன், போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. மூக்கில் கற்பூரம் வைத்துக்கொண்டும் நாற்றம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கொளுத்திவிட்டேன்.

விசாரணைக்கு நான் நிபுணர் சாட்சி. அதற்கு முந்தின நாள் மாலையே கேட்பு அறை ரிசீவரில் பழையபடி நல்ல வால்வுகளையும் சுருளையும் பொருத்தி வைத்தேன். அதிகாரிகள் வந்து கேட்டார்கள், எல்லா லாஞ்சும் மணிமணியாக விழுந்தது. அதனால் இராமகிருஷ்ணன் தூங்கியிருக்கிறார் என்று முடிவாயிற்று.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை வியர்வையில் நனைந்திருந்தது.

"சார், எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் கண்ண மூடல. இரைச்சலத் தவிர ஒண்ணும் கேக்கல சார். உங்ககிட்ட முன்னாடியே சொன்னேன்ல, இரைச்சல் ஜாஸ்தின்னு. அதையாச்சும் அவங்ககிட்டச் சொல்லுங்க."

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

வேலையை எடுத்துவிட்டார்கள். குடும்பத்தோடு மெட்ராஸ் கப்பலில் போனார். ஜெட்டியில் அவர்மேல் யாரோ சாணி எறிந்ததாகச் சொன்னார்கள். அந்த வாரமே வால்வுகளையும் சுருளையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஜமீல் பாயின் மனைவி மெஹர்பானு ஒருமுறை வந்தாள். வாசற்படியில் நின்றபடியே கேட்டாள்.

"அண்ணே, அவுக சும்மா உக்காந்திருக்கிற ஆளு இல்ல. தப்பிச்சவங்க பின்னால தண்ணி இறைச்சுக்கிட்டு இருந்தாகளாம், அவங்களுக்குத் தெரியல. ஆனா கூப்பிட்டிருப்பாக. கூப்பிட்டது எங்க போயிருக்கும்ணே? காத்துல போனது எங்கயாச்சும் தங்கி இருக்குமா?"

"அதெல்லாம் தங்காதும்மா. செட்டு அன்னைக்கு வேலை செஞ்சிருக்காது. அவர் கூப்பிட்டே இருக்க மாட்டார்."

அழுதால் இவளுக்கும் மூக்கு ஒழுகுமே என்று பயந்தேன். ஆனால் அவள் அழவில்லை. "அப்ப பயப்படாமப் போயிருப்பாக" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பதில் அவளுக்கு ஆறுதலாக இருந்ததென்றே நினைக்கிறேன்.

ஸ்பூலை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். அழிக்கத்தான் நினைத்தேன். இங்கே ஸ்பூல் கிடைப்பது கஷ்டம், திரும்பப் பயன்படுத்தலாம். ஒருநாள் ஆம்பிளிபையரில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். மேல் சுருதிகள் தெளிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மனிதக் குரல் வேண்டியிருந்தது. இசைத்தட்டுக்காரர்கள் குரலை மழுக்கி, மெருகேற்றி விடுகிறார்கள். ரேடியோவிலும் அப்படித்தான். மழுக்காத குரல் என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. போட்டுப் பார்த்தேன். நாக்கு மேலண்ணத்திலிருந்து விடுபடும் அந்தச் சத்தம் முன்னைவிட ஒரு நூலளவு கூர்மையாகக் கேட்டது. மாற்றம் சரிதான் என்று தெரிந்தது.

அதன்பின் எந்த மாற்றம் செய்தாலும் அதையே போட்டேன். ஒன்றரை வருஷத்தில் அறுபது தடவை இருக்கலாம். முதலில் குமட்டும். பிறகு, உள்ளபடி சொல்கிறேன், குமட்டவில்லை. எந்தப் பேருக்குப் பின் எந்தப் பேர் வரும், எந்த இடத்தில் குழந்தை இருமும் என்று மனப்பாடம். மங்கையர்க்கரசி மார்க்கெட்டுக்குப் போகும் வேளையில்தான் போடுவேன். அவளைத் தொந்தரவு செய்ய எனக்கு விருப்பமில்லை.

போன வியாழக்கிழமை காய்கறிக் கப்பல் வரவில்லை என்று அவள் பாதியில் திரும்பிவிட்டாள். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது வெறும் பையோடு கதவருகே நின்றாள். குழந்தை அழுது முடித்து, பேர்கள் வந்துகொண்டிருந்தன.

"இது அன்னைக்கு வந்த நாடகம்" என்றாள்.

"ஆமாம்."

"பேரெல்லாம் நெசப் பேருங்க. செத்துப்போன பேருங்க."

பாதியில் நிறுத்தினால் நாடா இழுபடும், அதனால் அது முடியட்டும் என்று விட்டேன். அவளும் கடைசிவரை நின்றாள். பிறகு உள்ளே போய்ச் சோறு வடித்தாள். எனக்குப் பரிமாறினாள். தான் சாப்பிடவில்லை. பின்கட்டிலிருந்து அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போனபின் ஸ்பூலை மார்க்கெட் பையில் போட்டு நேராக மெஹர்பானு வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறாள். அங்கிருந்து இரண்டு பேருமாக உங்களிடம் வந்திருக்கிறார்கள். அவள் செய்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் உறையில் போடாமல், வெங்காயச் சருகு கிடக்கிற பையில் அப்படியே போட்டிருக்கிறாள். நாடாவில் அவள் விரல் எண்ணெய் பட்டிருக்கிறது. அதை நினைத்தால்தான் இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை.

வால்வுகளை மாற்றியது நான். ரிசீவரைச் செவிடாக்கியது நான். அவர் கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான். இராமகிருஷ்ணன்மேல் தப்பில்லை. இதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் போலீஸ் நிலையத்தில் இருக்கும் டேப் ரிக்கார்டரை உள்ளே வரும்போது பார்த்தேன். அதன் மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது, ஸ்பீக்கர் தகர டப்பா. கோர்ட்டில் அதில் போட்டால் குரல் கட்டிப்போய், யாரோ தண்ணிக்குள்ளிருந்து உளறுவதுபோல் இருக்கும். மெஹர்பானு அங்கே உட்கார்ந்து கேட்பாள். கடைசியாக அவள் கணவரை அப்படியா கேட்க வேண்டும்? எனக்கே அருவருப்பாக இருக்கிறது. வீட்டுச் சாவி உங்களிடம்தான் இருக்கிறது. பெட்டிகளை நகர்த்தாமல், நாற்காலியில் அவளை உட்காரவைத்து, அங்கேயே போடுங்கள். வால்வுகள் சூடாக இருபது நிமிஷம் விடுங்கள். அந்த மனிதரைக் கடைசிவரை ஒழுங்காகக் கேட்டது நான் ஒருவன்தான் ஐயா, அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும்.